பெசலேல் வராத குஸ்தி

அன்று மஸ்தான் வஸ்தாதின் குஸ்திக் கோதாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்: வஸ்தாத், அவரிடம் பிடி கற்ற சிக்கந்தர், ஆறுச்சாமி, தண்டபாணி, போன வருடம் இறந்துபோன பெசலேலின் மனைவி ரெபேக்கா. ஆக ஐந்து பேர்.

நால்வர் பெசலேலை நினைத்துக்கொள்ள வந்தவர்கள். தண்டபாணி, வராவிட்டால் பேச்சு வருமே என்று வந்தவன்.

சிக்கந்தர் சொன்னான்: "குஸ்தி நடத்தறவங்க 'கொச்சிப் புலி'ன்னு நோட்டீஸ் போட்டுட்டாங்க. பெசலேல் இறங்க மாட்டேன்னுட்டான். 'பெசலேல், எஸ்ராவோட மகன், யூதன். அப்படிக் கூப்பிடுங்க'ன்னான். 'யூதன்னா எவனுக்குய்யா புரியும்?'னாங்க. 'புரியாதவன் எங்கிட்ட வந்து கேக்கட்டும்'னான்."

"கேக்க வந்த கூட்டத்துல அவன் டீக்கடைக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆச்சே!" என்றான் ஆறுச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். தண்டபாணிக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கூட்டம் அவனுக்கும் நினைவிருந்தது. பெசலேல் தன் லங்கோட்டில் தானே தைத்துக்கொண்ட ஆறு முனை நட்சத்திரத்தைக் காட்டி, தன் முன்னோர் கப்பலில் வந்த கதையைச் சொல்வான். ஊரே வாய் பிளந்து கேட்கும். நீ யார் மகன் என்று தண்டபாணியை ஒருவரும் கேட்டதில்லை.

ரெபேக்கா கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்வரை பொறுத்திருந்தான். பிறகு வெடித்தான்.

"வஸ்தாத், எனக்கும் அவனுக்கும் வச்ச குஸ்தியில வெள்ளிக் கதாயுதம் பரிசு வாங்கினது நானு. பயந்து வராதவன் அவன். அவனுக்கு நினைவு நாளு, எனக்கு ஒண்ணுமில்லையா?"

"வராத ஆளை ஜெயிச்சவனுக்குப் பேச்சைப் பாரு" என்றான் ஆறுச்சாமி.

"வரலைன்னா அது என் தப்பா?"

வஸ்தாத் கோதாவைக் காட்டினார். "இறங்கு."

"இந்த வயசுலயா?"

"இறங்குடா."

ஐம்பது வயதுத் தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கி நின்றான்.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் நின்னே?"

"பத்து நிமிஷம். அப்புறம் ரெஃபரி என் கையைத் தூக்கிட்டாரு."

"அப்புறம்?"

"ஊர்வலம். மேளதாளம், மாலை..." நிறுத்தினான். "நீங்க மட்டும் வரலை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

"இத்தனை வருஷத்துல அதை நீ எங்கிட்டக் கேக்கவே இல்லையே."

"இப்பக் கேக்கறேன். எங்க போனீங்க?"

"எங்கயும் போகலை. இங்கயே இருந்தேன்."

"எதுக்கு?"

"அன்னிக்குச் சனிக்கிழமை. அது அவங்களுக்கு ஓய்வு நாள். அன்னிக்குக் குஸ்தி பிடிக்க மாட்டாங்க. பொழுது சாஞ்சு வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சா ஓய்வு முடிஞ்சுது. அதுக்கப்புறம் வர்றேன்னு கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினான். அவங்க ஒத்துக்கலை."

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் இது புதிது.

தண்டபாணி மெல்லக் கேட்டான். "வந்தானா?"

"மூணாவது நட்சத்திரம் தெரிஞ்ச கொஞ்ச நேரத்துல வந்தான். லங்கோடு கட்டி, தோள்ல மண்ணைப் பூசிக்கிட்டு இறங்கினான். 'தண்டபாணி எங்க?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊர்வலத்துல இருக்கான்னேன்."

"சிரிச்சிருப்பான்."

"இல்லை. 'முடிச்சுட்டு வருவான்'னான். உனக்காக நின்னான்."

தண்டபாணி தன் காலடி மண்ணைப் பார்த்தான். நகரத் தோன்றவில்லை.

"எத்தனை பேர் பார்த்தாங்க, வஸ்தாத்?"

"ஊரு முழுக்க உன் பின்னால போயிருச்சு. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கோதாவுல மிச்சம் நின்னது அவன் ஒருத்தன்."