குண்டோதரன் சொன்ன பதில்

"என்னை எதுக்கு மேடம் பெயிலாக்குனீங்க?"

சேசையா இன்னும் உடை மாற்றவில்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் அவன் நின்ற இடமெல்லாம் உப்புத்தண்ணீர்.

லெப்டினன்ட் பார்கவி குறிப்பேட்டை மூடினாள். ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து ஆட்களை மீட்கும் நீச்சல்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான். அவனைவிட ஒன்பது வயது இளையவள். அதுவேறு அவனுக்கு உறுத்தியது.

"கொக்கி தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி நீங்க தொட்டுட்டீங்க."

ஹெலிகாப்டர் பறக்கப் பறக்க அதன் உடம்பில் மின்சாரம் ஏறும். மேலேயிருந்து இறங்கும் கம்பியின் கொக்கி முதலில் கடலைத் தொட வேண்டும். கடல் அந்த மின்சார அடியை வாங்கிக்கொண்ட பிறகுதான் மனிதன் தொடலாம். முதல் நாள் சொல்லித் தருகிற முதல் பாடம் இது. மற்ற எல்லாவற்றிலும் முதலாவதாக வந்த சேசையா, இதில் மட்டும் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தான்.

"அடிக்கிறது என்னையத்தானே மேடம்? நான் தாங்கிக்கிறேன்."

"தாங்குவீங்க. தெரியும்."

"பெறகென்ன?"

அவள் குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, கப்பல்ல இருந்தப்ப, புயல்ல ஒரு மீனவரைப் பிடிச்சுட்டு ஹெலிகாப்டர் கொக்கிக்காகக் காத்துக் கெடந்தேன். சொன்னபடி காத்துக் கெடந்தேன். ஒரு அலை அடிச்சுது. கையில அவரு சட்டை மட்டும்தான் மிச்சம்." அவன் வெறும் கையை விரித்துக் காட்டினான். "என்னைக் காத்திருக்கச் சொல்லாதீங்க மேடம்."

பார்கவி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கொட்டகையின் மூலையைக் காட்டினாள்.

"குண்டோதரனைக் கேளுங்க. ரெண்டு தடவையும் உங்க கையில இருந்தது அவன்தான்."

குண்டோதரன் ஒரு ரப்பர் பொம்மை. எண்பது கிலோ. பயிற்சியில் மூழ்குகிற ஆள் எப்போதும் அவன்தான். அவனைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட மாலுமிகள் வைத்த பெயர் அது.

மறுநாள் மூன்றாவது முறை. கடைசி முறையும் அதுதான். தோற்றால் சேசையாவைக் கப்பலுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் அவன் பொம்மைக்கு எதிரில் போய் உட்கார்ந்தான்.

"சொல்லுடா. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

குண்டோதரன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு வாயே கிடையாது.

"நல்லா கேக்கச் சொன்னாங்க போ," என்று எழுந்துவிட்டான் சேசையா.

காலையில் கடல் சரியில்லை. ஹெலிகாப்டர் கதவருகே கம்பியை இயக்கும் ஹமீது, கீழே கையைக் காட்டினான். தூரத்தில் பாதுகாப்புப் படகு. பக்கத்தில் ஓர் ஆரஞ்சு உடுப்பு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சேசையா குதித்தான்.

ஹெலிகாப்டர் விசிறியின் காற்று தண்ணீரை வாரி முகத்தில் அறைந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு நீந்தினான். பின்பக்கமாகப் போய், மார்போடு கையைச் சுற்றி வளைத்தான்.

ரப்பர் இல்லை. சூடு இருந்தது.

"மேடம்?"

பார்கவிதான். பொம்மையைப் போலவே உடம்பைத் தளர்த்திக் கிடந்தாள். ஒரு சிற்றலை அவள் தலையை மூடியது. மேலே இழுத்தான். அவள் இருமினாள். நடிப்பில்லை, உண்மையாகவே தண்ணீர் குடித்திருந்தாள்.

கொக்கி இறங்கி வந்தது. தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஆடியது. கடலைத் தொடவில்லை.

அப்போது அந்த அலையைப் பார்த்தான். பெரிய அலை. மீனவரைக் கொண்டுபோன அலையும் இப்படித்தான் வந்தது. 

வலது கை தானாக மேலே போனது.

கொக்கிக்கு இன்னும் நாலு விரல்கடை.

பிடியைச் சரிபார்க்கத்தான் குனிந்தான். அவள் முகம் தெரிந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். தோள் இரண்டையும் ஒடுக்கிக்கொண்டு, வரப்போகிற அடிக்காகக் காத்திருந்தாள். அலையை அவள் பார்க்கவே இல்லை. அவன் கையைத்தான் பார்த்திருக்கிறாள்.

மின்சாரம் அவனைத் தொட்டால் அவளையும் தொடும்.

சேசையா கையை இறக்கினான். இரண்டு கைகளாலும் அவளைக் கட்டிக்கொண்டான். கால்களையும் பின்னிக்கொண்டான். அலை இருவரையும் உள்ளே போட்டு உருட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவன் விடவில்லை.

மேலே வந்தபோது அவள் அவன் கையில் இருந்தாள்.

பக்கத்தில் கொக்கி தண்ணீரில் விழுந்தது. சட்டென்று ஒரு பொறி.

அதற்குப் பிறகுதான் அவன் கையை நீட்டினான்.

ஹெலிகாப்டரின் தரையில் இருவரும் மூச்சு வாங்கக் கிடந்தார்கள். ஹமீது கதவைச் சாத்தினான். பார்கவி காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிவிட்டு, இரைச்சலை மீறிக் கத்தினாள்.

"குண்டோதரன் பதில் சொன்னானா?"

சேசையா தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"சொன்னான் மேடம்."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு தடவையும் வலிச்சுதாம்."