தேன்பயறு வளர்த்த கரடி

"ஊன்றினேன், தண்ணீர் ஊற்றினேன், உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றுமே முளைக்கவில்லை! நீ கொடுத்தது விதையே இல்லை, கூழாங்கல்!"

ஒரு காட்டில் கரடி ஒன்று கவுதாரியைப் பார்த்து இப்படிக் கத்தியது. மரத்தில் இருந்த மைனா சும்மா இருக்குமா? யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வதுதானே அதன் பிழைப்பு!

"ஊன்றினேன், தண்ணீர் ஊற்றினேன், உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றுமே முளைக்கவில்லை! நீ கொடுத்தது விதையே இல்லை, கூழாங்கல்!" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் அது காடெல்லாம் பரப்பியது.

கவுதாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, தேன்பயற்று விதையை அப்படியேவா மண்ணில் போட்டாய்? அதன் தோல் உன் தோலைவிடத் தடிப்பு! நாங்களே வயிற்றில் பொடிக்கல்லைப் போட்டு அரைத்துத்தான் அதைச் செரிக்கிறோம். சொரசொரப்பான பாறையில் தேய், ஓர் இரவு ஊறவை, பிறகு ஊன்று. வெயில் படும் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. முளைத்தபின் பிடுங்கி வேறிடத்தில் நட்டு வைக்காதே, செத்துவிடும்."

கரடி மறு பேச்சுப் பேசாமல் பாறையைத் தேடி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? பூவே இல்லாத காட்டைவிட்டு மலைத்தேனீக்கள் கிளம்பிவிட்டன. போகும்போது ராணித்தேனீ கறாராகச் சொல்லியிருந்தது: "அடுத்த வருஷ மழைக்கு ஒருமுறை வந்து பார்ப்போம். இந்தச் சரிவு பூத்திருந்தால் கூடு கட்டுவோம். இல்லாவிட்டால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டோம்." தேன் இல்லாத காட்டில் கரடிக்கு என்ன வாழ்வு!

விதை தேய்ந்தது, ஊறியது, மண்ணுக்குள் போனது. ஒரு காலை...

"அக்கா! ஓடி வா! பச்சை! பச்சை!"

"பச்சை! பச்சை!" என்று மைனாவும் அலறியது. கரடி குதித்த குதியில் சரிவே அதிர்ந்தது.

"ஆடினது போதும், மிதித்துத் தொலைக்காதே!" என்றது கவுதாரி. ஆனால் அதன் வாலும் ஆடத்தான் செய்தது.

இலை விரிந்தது, சரிவே பசுமையானது. "பூ எங்கே அக்கா? பூ எங்கே?"

"முதல் வருஷம் அது கீழேதான் வளரும். கோடையில் மேலே காய்ந்து சருகாகிவிடும், பதறாதே. வேர் உயிரோடு இருக்கும். மழை விழட்டும், சரிவு முழுக்கப் பூப்பதைப் பார்! அப்புறம் வருஷா வருஷம் பூக்கும்" என்று சொல்லிவிட்டுக் கவுதாரி அடைகாக்கப் போய்விட்டது.

கோடை வந்தது. செடிகள் சருகாயின. கரடி சரிவையே சுற்றிச் சுற்றி வந்தது.

"வேர் உயிரோடுதான் இருக்கிறதா? ஒன்றே ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் என்ன?"

தோண்டியது. வெள்ளை வெளேரென்று கொழுத்த வேர்! முகர்ந்தது. கடித்தது. அடடா, கரும்பு!

"உயிரோடுதான் இருக்கிறது!" என்று துள்ளியது கரடி. "பக்கத்தில் இருப்பது?"

அதுவும் உயிரோடுதான் இருந்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றும் உயிரோடுதான் இருந்தது, கரடியின் வாய்க்குள் போகும்வரை!

மழை கொட்டியது. குஞ்சுகளோடு ஓடி வந்த கவுதாரி, குண்டும் குழியுமாகக் கிடந்த சரிவைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது.

பாறை இடுக்கில் தப்பிய ஒரே ஒரு வேர் மட்டும் துளிர்த்து, இளஞ்சிவப்பாய் ஒரு கொத்துப் பூத்தது.

அன்றைக்கே வானம் ரீங்கரித்தது. தேனீக்கூட்டம்! சரிவின்மேல் ஒரு வட்டம் போட்டது. மலை உச்சியை நோக்கித் திரும்பியது.

"நில்லுங்கள்! இதோ, இங்கே ஒரு கொத்துப் பூத்திருக்கிறது! இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்து வந்து பாருங்கள்!" என்று கரடி தொண்டை கிழியக் கெஞ்சியது. கூட்டம் உச்சியைத் தாண்டி மறைந்தது.

எதையும் திருப்பிச் சொல்லும் மைனாகூட வாய் திறக்கவில்லை.

நீதி: தேனுக்கு ஆசைப்பட்டவன் வேரில் வாய் வைக்கலாகாது.