தேயாத லாடம்

“லாடம் தேயவே இல்லையே, பிறகு எதற்கம்மா கழற்றினாய்?”

ராஜா அப்படிக் கேட்டபோது அரியநாச்சியின் வாய் நிறைய ஆணிகள் இருந்தன.

இது நடந்தது முன்னொரு காலத்தில். நல்ல குதிரை வைத்திருப்பவரே நல்ல ராஜா என்று ஜனங்கள் நம்பிய காலம். பெயர் தெரியாத ஒரு நாட்டில், அரண்மனைக் குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடித்தது அரியநாச்சியும் அவள் புருஷன் சங்கிலியும்தான். சங்கிலி குதிரையின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொள்வான். அவள் அடிப்பாள். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் லாடம். ஆணிகளுக்கு மூன்றாவது கை எங்கே கிடைக்கும்? அதனால் உதடுகளுக்கு நடுவே வரிசையாக இடுக்கிக்கொள்வாள். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

ராஜாவின் முன்னால் ஆணியைத் துப்புவதா? அரியநாச்சி “ம்ம்... ம்ம்” என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்தில் நின்ற லாயத் தலைவர் கனகசபேசர் அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார். இந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர அவர் ஆசைப்பட்டிருந்தார். அரண்மனை விகடகவி கூத்தப்பன் குறுக்கே புகுந்து அரியநாச்சியைச் சிபாரிசு செய்து கெடுத்துவிட்டான்.

“பார்த்தீர்களா மகாராஜா! பதில் சொல்ல வாயில்லை. நல்ல லாடத்தைப் பிடுங்கிப்போட்டு, அரண்மனை இரும்பை வீணாக்குகிறாள்.”

ராஜாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். “இனி தேயாமல் எதையும் கழற்றக் கூடாது!” என்று சொல்லிவிட்டு நடந்தார். அரியநாச்சி ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து முடிப்பதற்குள் ராஜா யானைக் கொட்டடி வரை போய்விட்டார்.

ஆணையை எழுதும் வேலை கனகசபேசருக்கு வந்தது. இரும்பு என்று எழுதினால் இவள் செம்பில் லாடம் அடித்துத் தப்பிவிடுவாள் என்று யோசித்து, ‘அரண்மனையில் காலில் பூட்டிய எந்த உலோகத்தையும் தேயும்வரை கழற்றலாகாது’ என்று எழுதினார். ‘குதிரை நொண்டினால் லாடக்காரர் குடும்பம் நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும்’ என்று தன் சரக்கையும் சேர்த்தார்.

முரசு அடித்ததைக் கேட்டுக் கூத்தப்பன் பட்டறைக்கு ஓடி வந்தான்.

“என்ன தாயீ, என்ன ஆச்சு?”

“குளம்பு நம்ம நகம் மாதிரிண்ணே. வளந்துக்கிட்டே இருக்கும். லாடம் வளருமா? அப்பப்போ கழட்டி, வளந்ததைச் சீவிட்டு, திரும்ப அடிக்கணும். இல்லேன்னா கால் கோணிக்கும்.”

“இதை ராஜாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“வாயில ஆணி இருந்துச்சுண்ணே.”

கூத்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். “ராஜா முன்னாடி ஒழுங்கா வாயை மூடிக்கிட்டு நின்னது இந்த நாட்டிலேயே நீ ஒருத்திதான். அதுக்குப் போய்த் தண்டனையா!”

அவன் ராஜாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். “சொன்னது சொன்னதுதான்” என்று ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குளம்புகள் வளர்ந்தன. திருவிழா நெருங்கிய நேரத்தில் பட்டத்துக் குதிரை கார்முகில் நொண்ட ஆரம்பித்தது. மறுநாள் சபைக்கு வரும்படி ஆள் வந்து சொல்லிப்போனான்.

சங்கிலி பாத்திரங்களை மூட்டை கட்டினான். “துருத்தியையும் எடுத்துக்கவா?”

“எங்க கொண்டுபோய் ஊத?” என்றாள் அரியநாச்சி.

சபையில் அவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். ராஜா முகத்தைச் சுளித்தபடி சிம்மாசனத்தில் நெளிந்துகொண்டிருந்தார். மாம்பழக் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பழமும் நெய்ச்சோறுமாகச் சாப்பிட்டதில் உடம்பு பெருத்து, பட்டாபிஷேகத்தன்று காலில் பூட்டிய தங்கக் கழல் சதையைக் கவ்விப் பிடித்தது. பொற்கொல்லர் அதைக் கழற்றிப் பெரிதாக்க அரத்தோடு மண்டியிட்டார்.

“நிறுத்தும்!” கூத்தப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். “ஆசாரியாரே, ராஜ ஆணையை மீறப் பார்க்கிறீரா?”

“கூத்தப்பா, கால் வலிக்கிறது. விளையாடாதே!” என்றார் ராஜா.

கூத்தப்பன் குனிந்து கழலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “மன்னிக்க வேண்டும் மகாராஜா. நேற்றுச் செய்ததுபோல் மின்னுகிறது. இம்மியும் தேயவில்லை.”

“தேயாவிட்டால் என்னடா? கால் பெருத்துவிட்டதே!”

“ஆணையில் காலைப் பற்றிப் பேச்சே இல்லையே. லாயத் தலைவரே, தாங்கள்தானே எழுதினீர்கள்?”

கனகசபேசர் திணறினார். “அது... குதிரைகளை நினைத்து...”

“அப்படியா? மகாராஜாவின் வலி வலி, குதிரையின் வலி மட்டும் வேறேதோ என்று நினைத்தீர்களோ?”

ராஜா வெடுக்கென்று எழுந்தார். “ஆ!” என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். அதே சமயம், விசாரணைக்காக வெளிமுற்றத்தில் கொண்டுவந்து கட்டியிருந்த கார்முகிலும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ராஜா குதிரையின் காலைப் பார்த்தார். தம் காலைப் பார்த்தார்.

“ஏனம்மா,” என்று அரியநாச்சியிடம் கேட்டார். “அதற்கும் இப்படித்தானா?”

“ஆமாங்க மகாராசா. லாடம் அப்படியேதாங்க இருக்கும். காலுதாங்க வளரும்.”

ராஜா சிரிக்கத் தொடங்கினார். ஒற்றைக் காலில் நின்று, தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “ஐயோ, முதலில் இதைக் கழற்றுங்கள்! பிறகு குதிரைக்குக் கழற்றுங்கள்! இனி லாட விஷயத்தில் அரியநாச்சி சொல்வதே ஆணை. கனகசபேசரே, இன்று குதிரையின் காலைத் தூக்கிப் பிடிக்கும் வேலை உமக்கு!”

கூத்தப்பனுக்கு முத்துமாலை பரிசாகக் கிடைத்தது.

மாலையில் பட்டறையில் மறுபடி நெருப்பு எரிந்தது. மூட்டையைப் பிரித்து முதலில் எடுத்த சட்டியில் அரியநாச்சி பணியாரம் சுட்டாள். அதை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு அரண்மனை வாசலில் போய்க் காத்திருந்தாள். கூத்தப்பன் மாலையைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

“என்ன தாயீ, கையில பொட்டலம்? எனக்கும் லாடம் அடிக்கப் போறியா?”

அவள் பொட்டலத்தை நீட்டினாள். “வழியில எந்தச் சத்திரத்துல படுக்கறதுன்னு பேசிக்கிட்டு இருந்தோம்ண்ணே. இன்னைக்கு எங்க வீட்டுலயே படுக்கப் போறோம்.” சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கைகளையும் குவித்தாள்.

கூத்தப்பன் வாயைத் திறந்தான். எதற்கும் பதில் வைத்திருக்கிற அந்த வாயில் அன்று ஒன்றுமே வரவில்லை. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போய்விட்டான்.