சரிவில் வெட்டிவேர் நட்ட காட்டுப்பன்றி

ஒரு மலைக்காட்டில் காட்டுப்பன்றி ஒன்று இருந்தது. மனம் தங்கம், ஆனால் சரியான அவசரக்காரப் பன்றி. கிழங்கு தேடிச் சரிவில் மூக்கை வைத்தால் புல், புதர் எதையும் விட்டுவைக்காது. ஒரே கோடையில் சரிவு மொட்டையாகிவிட்டது.

முதல் மழை கொட்டியது. தடுத்து நிறுத்தப் புல் இல்லை. தண்ணீர் மண்ணையும் வாரிக்கொண்டு கீழே ஓடியது.

அடிவாரத்து வளையில் வெள்ளெலி ஒன்று குட்டிகளோடு இருந்தது. சேற்றுநீர் உள்ளே புகுந்ததும், அது ஒவ்வொரு குட்டியாகக் கவ்விவந்து ஒரு பாறைமேல் வைத்து, தன் உடம்பால் மூடிக்கொண்டு நடுங்கியது.

பன்றி அதைப் பார்த்துவிட்டது.

"ஐயோ, என்னால் வந்த வினை! அழாதே தங்கச்சி. இந்தத் தண்ணீரை நான் விரட்டிவிடுகிறேன்."

வெள்ளெலி வாய் திறப்பதற்குள் பன்றி ஓடிப்போய், மேலிருந்து கீழே நேராக ஒரு வாய்க்காலைத் தோண்டிவிட்டது.

மறுபடியும் மழை வந்தது. நேர்வழி கிடைத்த தண்ணீர் முன்னைவிட வேகமாகப் பாய்ந்து கரையை உடைத்தது. வளை இருந்த இடமே தெரியவில்லை. நல்லவேளை, குட்டிகள் இன்னும் பாறைமேல்தான் இருந்தன.

பன்றி பாறையருகே ஓடி வந்தது. "என்னைத் திட்டிவிடு தங்கச்சி. நான் தொட்டதெல்லாம் கெட்டுப்போகிறது."

வெள்ளெலி மெல்லச் சொன்னது: "அண்ணா, தண்ணீருக்கு ஓட வழி கொடுத்தீர்கள், ஓடி வந்தது. உட்கார இடம் கொடுத்துப் பார்ப்போமா? ஓடைக்கரையில் வெட்டிவேர்ப் புல் வளர்ந்த இடத்தில் மண் கொஞ்சமும் கரையவில்லை, பார்த்தீர்களா?"

பன்றி ஓடைக்கரைக்குப் போய், கரை மொட்டையாகாதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டிவேர்க் கொத்துகளைப் பெயர்த்து வாயில் சுமந்து வந்தது. வெள்ளெலி அவற்றைப் பல்லால் பிரித்து நாற்றாக்கியது. பன்றி பழைய வாய்க்காலை மூடிவிட்டு, சரிவுக்குக் குறுக்கே ஆழமில்லாத பள்ளங்கள் வரிசையாகத் தோண்டியது. ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் இரண்டும் நாற்றுகளை நெருக்கமாக நட்டன.

"நாளைக்கே வளர்ந்துவிடுமா?" என்று கேட்டது பன்றி.

"வேர் பிடிக்கட்டும் அண்ணா."

காத்திருப்பது பன்றிக்குப் பெரும்பாடு. பசி வயிற்றைக் கிள்ளியபோதும் அது அந்தச் சரிவில் கால் வைக்கவில்லை. கிழங்குக்கு அடுத்த மலைக்கு நடந்தது. தூறல்கள் வந்து போயின. புல் தழைத்து ஆளுயரம் நின்றது. வெள்ளெலி அடிவாரத்தில் புதுவளை தோண்டிக் குட்டிகளோடு குடியேறியது.

பிறகு ஒரு மாலையில் பெருமழை பிடித்தது. பன்றி பதறிப்போய்ப் புதுவளைக்கு ஓடியது. மேலே நிமிர்ந்து பார்த்தது. தண்ணீர் பள்ளம் பள்ளமாகத் தேங்கி, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சியது மட்டும் புல்லிடையே தெளிவாகக் கசிந்து வந்தது.

"தங்கச்சி! உள்ளே தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கத்தியது பன்றி.

வளைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மெதுவாகப் பேசுங்கள் அண்ணா. குட்டிகள் தூங்குகின்றன."

பன்றி சட்டென்று வாயை மூடிக்கொண்டது. மழை விடும்வரை மூச்சைக்கூட மெல்ல விட்டபடி, வளை வாசலிலேயே நனைந்துகொண்டு படுத்திருந்தது.

நீதி: செய்த தவறைப் பொறுமையாகத் திருத்துங்கள், அவசரமாகத் திருத்தினால் தவறு இரண்டாகும்.