மாரியக்கா எடுத்த படம்

தூத்துக்குடியில் மீன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பெண்களின் பிள்ளைகளுக்காக பவுலின் டீச்சர் ஒரு மாலை வகுப்பு நடத்திவந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் வரும் பிள்ளைகள், அம்மா வந்து கூப்பிடும்வரை அங்கே இருப்பார்கள்.

டீச்சரிடம் வகுப்பு நடத்தும் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள் சந்தனமாரி. வயதில் டீச்சருக்கு மூத்தவள். ஆனாலும் குரு குருதான். டீச்சர் நில் என்றால் நிற்பாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அறை பல வருஷமாக அவளுடையது.

இந்த வருஷம் அஸ்லம் வந்தான். கல்லூரி முடித்த கையோடு வந்தவன். யாரோ நன்கொடையாகக் கொடுத்த டேப்லெட்டுகளோடு பக்கத்து அறையில் உட்கார்ந்தான். பிள்ளைகள் அதில் படம் வரைந்தார்கள், வரைந்த படத்தை ஓடவும் வைத்தார்கள். கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்? அவன் அறை வாசலில் செருப்பு குவிந்தது. மாரியின் வாசலில் இரண்டே ஜோடி. அதில் ஒன்று அவளுடையது.

மாரிக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. ஒருநாள் டீச்சர் அஸ்லமின் அறையில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். நம்மிடம் எப்போதாவது இப்படிச் சிரித்திருக்கிறாரா என்று நினைத்து நினைத்து, அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் கேட்டுவிட்டாள். "டீச்சர், இந்த டேப்லெட்டு பிள்ளைங்களுக்கு நல்லதா, கெட்டதா?"

"நீங்களே அந்த ரூம்ல போய் உக்காருங்கக்கா. பிள்ளைங்களுக்குப் பின்னால உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

மாரி போய் உட்கார்ந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததைவிட அஸ்லமைப் பார்த்ததுதான் அதிகம். அப்புறம் ஒருநாள் ஜெனிட்டாவின் டேப்லெட் கண்ணில் பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை. அவள் வரைந்த மயிலுக்குக் கீழே, முன்பின் தெரியாத எவனோ இன்டர்நெட் வழியாக எழுதியிருந்தான். 'சூப்பரா வரையுறியே பாப்பா. எந்தத் தெரு? அம்மா எப்ப வீட்ல இருக்க மாட்டாங்க?'

ஜெனிட்டா தெருப் பெயரைப் பதிலாகப் போட்டிருந்தாள்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்தது. மாரி சத்தமில்லாமல் தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். மாதக் கூட்டத்துக்குத் தாய்மார் எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் காட்டினால் அஸ்லமின் முகம் எப்படிப் போகும்! நினைக்க நினைக்க இனித்தது.

கூட்ட நாளும் வந்தது. தாய்மார் வரும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. டீச்சரிடம் போனை நீட்டினாள்.

"நல்லதா கெட்டதான்னு கேட்டேன்ல டீச்சர்? பாருங்க, உங்க அஸ்லம் வகுப்பு நடத்துத லெச்சணத்த."

படித்ததும் டீச்சரின் முகம் வெளுத்தது. "இத எப்ப எடுத்தீங்க?"

"திங்கக்கிழம."

அன்று சனிக்கிழமை.

டீச்சர் எழுந்து ஓடினார். ஜெனிட்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டார். அந்த ஆள் முந்தின நாள் அவள் தெருவுக்கே வந்திருக்கிறான். பிள்ளை வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். டேப்லெட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

டீச்சர் அவளுடைய அம்மாவுக்கும், குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போன் செய்தார். அஸ்லமைக் கூப்பிட்டு, வெளியாட்கள் செய்தி அனுப்பும் வழியை எல்லா டேப்லெட்டிலும் அடைக்கச் சொன்னார். அவன் அழுதுகொண்டே அடைத்தான். "அது தெறந்திருந்ததே எனக்குத் தெரியாது டீச்சர்."

எல்லாம் முடிந்து டீச்சர் திரும்பி வந்தபோது மாரி நின்ற இடத்திலேயே நின்றாள். இவ்வளவுக்கும் பிறகும் அவள் வாயில் வந்தது இதுதான்.

"இனிமே அவன வர வேண்டாம்னு சொல்லிருவீங்களா டீச்சர்?"

"அவனுக்குத் தெரியலக்கா. தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுத்துருவேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"