கயிற்றுக்கு வலப்பக்கம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன். மிச்சமிருக்கும் இரண்டு பற்களின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகும்போது வழியை மட்டும் அடைக்க வேண்டாம்.

முன்னொரு காலத்தில், மனிதர்களைவிட வண்டி மாடுகளுக்குப் பொறுமை அதிகமாக இருந்தபோது, ஒரு ராஜா இருந்தார். அவருக்கு நெய் தோசை என்றால் உயிர். கோயிலிலிருந்து அவர் திரும்பி உட்காரவும், தோசை கல்லிலிருந்து இலைக்கு வரவும் சரியாக இருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சந்தைச் சாலையில் அவருடைய ரதம் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வைக்கோலுக்கு முன்னால் உப்பு, உப்புக்கு முன்னால் பானை. அரண்மனை வந்து சேர்ந்தபோது இலையில் இருந்தது தோசையா வறட்டியா என்று வைத்தியரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

“இனி என் சாலையில் அவசரக்காரன் எவனும் நிற்கக் கூடாது!” என்றார் ராஜா.

மந்திரி பிரமாதிராயர் எழுந்தார். “அரசே, சாலை நடுவே நீளத்துக்கும் கயிறு கட்டுவோம். வலப்பக்கம் போக ஒரு வெள்ளிக்காசு. இடப்பக்கம் இலவசம். அவசரக்காரர் காசு கொடுத்துப் பறப்பார். அந்தக் காசில் சாலையைச் செப்பனிடலாம்.”

“காசு இல்லாதவருக்கு அவசரம் வந்தால்?” என்று கேட்டான் சாத்தப்பன். அவன் அரசவை விகடகவி. ராஜா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சிரிப்பார் என்பதால் மந்திரிக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும்.

“காசு இல்லாதவருக்கு அவசரம் எப்படி வரும்?” என்றார் மந்திரி.

கயிறு கட்டினார்கள். குறை சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் நடந்தது. முன்பெல்லாம் பிள்ளை பிறந்து பெயரும் வைத்த பிறகு வந்து சேரும் மருத்துவச்சி, இப்போது வலி எடுப்பதற்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தாள். சந்தைக்கு வந்த மீன் கூடைக்குள் துள்ளியது.

இடப்பக்கம்தான் கொஞ்சம் சிரமம். பாதிச் சாலையில் முக்கால் ஊர் நின்றது. பரங்கிக்காய் வண்டியில் ஒரு காய் வெடித்து, முளைத்து, கொடி ஓடி அடுத்த வண்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது. பால்காரி பொம்மி வீட்டில் பாலோடு கிளம்புவாள், சந்தையில் வெண்ணெயோடு இறங்குவாள். “வெண்ணெய்க்கு நல்ல விலைதான். ஆனா பால் கேட்டு அழற புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்றது?” என்றாள்.

கொஞ்ச நாளில் வலப்பக்கமும் நின்றுபோனது. காரணம் வேறொன்றுமில்லை. மந்திரி அரசவைப் பெரியவர்களுக்கெல்லாம் காசில்லாமல் போகச் செப்பு முத்திரை கொடுத்திருந்தார். அப்புறம் அவர்களுடைய மைத்துனர்களுக்கு. அப்புறம் மைத்துனர்களின் சம்பந்திகளுக்கு. அந்த நாட்டில் பெரியவர்கள் பல்லக்கில்தான் போவார்கள். முன்னால் நாயனம், பின்னால் குடைக்காரன், வெற்றிலைப்பெட்டிக்காரன், எச்சில் படிக்கம் ஏந்துபவன். பல்லக்கை யாரும் முந்தக் கூடாது என்பது வழக்கம்.

“காசையும் குடுத்துட்டு நாயனமும் கேக்கணுமாய்யா?” என்று ஜவுளி வியாபாரி ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற ரதத்தில் ராஜா இருந்தார். அன்றும் தோசை ஆறிப்போனது.

“நான் சொன்ன திட்டத்தில் பிழையில்லை, அரசே. சாத்தப்பன் கேலி செய்ததுதான் கண்ணேறாக விழுந்துவிட்டது,” என்றார் மந்திரி. “அவனே சரிசெய்யட்டும். ஆனால் முத்திரைகளை மட்டும் தொடக் கூடாது. அது அரச வாக்கு.”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் ராஜா. “சாத்தப்பா! வரும் வெள்ளிக்கிழமை என் தோசை சூடாக இல்லையென்றால் நீ எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.”

எல்லைக்கு அப்பால் சாத்தப்பனுக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது மாமனார் வீடு. அதனால் அவன் உண்மையாகவே நடுங்கிப்போனான். மனைவியோ சந்தோஷமாக மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வலப்பக்கம் போகிறவர்களை மறித்துக் காசு வாங்கும் சுங்கத்தடிக்குப் பக்கத்தில் அவனே போய் நின்றான். முதல் பல்லக்கு மந்திரியுடையது. அவர் முத்திரையை நீட்டினார். சாத்தப்பன் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உரக்கப் படித்தான்.

“‘இதை வைத்திருப்பவர் காசின்றிச் செல்லலாம்.’ அரச வாக்கு! தாங்கள் தாராளமாகச் செல்லுங்கள், சுவாமி.”

முத்திரையைத் திருப்பிக் கொடுத்தான். பல்லக்குத் தூக்கிகள் காலெடுத்து வைத்தார்கள். தடி குறுக்கே இறங்கியது.

“நீங்க எங்கப்பா போறீங்க? உங்ககிட்ட முத்திரை இருக்கா?”

“நாங்க ஐயாவைத் தூக்கறவங்க சாமி.”

“ஐயாகிட்ட இருக்கு. உங்ககிட்ட இல்லையே. நாயனக்காரர்கிட்ட இல்லை, குடைக்காரர்கிட்ட இல்லை. தலைக்கு ஒரு காசு வையுங்க.”

எல்லாரும் மந்திரியைப் பார்த்தார்கள். மந்திரி மடியைத் தடவினார். பெரியவர்கள் காசைக் கையால் தொடுவதில்லை என்பதும் அந்த நாட்டு வழக்கம்தான்.

“நான் இறங்கி நடப்பதா?” என்றார்.

“முத்திரையில் நடக்கக் கூடாது என்று இல்லை, சுவாமி.”

பல்லக்கு இடப்பக்கம் திரும்பியது. பின்னால் வந்த பல்லக்குகளும் வரிசையாகத் திரும்பின. காலியான வலப்பக்கத்தில் ராஜாவின் ரதம் பறந்தது. அன்று தோசை ராஜாவின் நாக்கைச் சுட்டது.

இடப்பக்கத்தில் மந்திரி, வைக்கோல் வண்டிக்கும் பொம்மிக்கும் நடுவே நின்றார். “நாயனத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சாமி, மாடு மிரளுது,” என்றாள் பொம்மி. வெயில் ஏறியது. அப்போதுதான் சாலையில் பள்ளம் இருப்பதும், பாதிச் சாலையில் ஒரு கடைவரிசை உட்கார்ந்திருப்பதும் அவர் கண்ணில் பட்டன.

“எந்தத் திருட்டுப்பயல் சாலையில் கடை போட்டான்?” என்று கத்தினார்.

“உங்க மச்சினருதாங்க,” என்றாள் பொம்மி.

மாலைக்குள் கடைகள் பின்னால் நகர்ந்தன. வசூலான காசு பள்ளத்தை நிரப்பப் புறப்பட்டது. இடப்பக்கமும் ஓடத் தொடங்கியது. பொம்மியின் பால் பாலாகவே சந்தைக்கு வந்தது.

மறுநாள் சபையில் மந்திரி முறையிட்டார். “அரசே, இவன் என்னை அவமதித்தான்!”

“நான் எதையும் பறிக்கவில்லையே, அரசே. முத்திரை அவர் மடியிலேயே இருக்கிறது,” என்றான் சாத்தப்பன்.

ராஜா தாடியைத் தடவினார். “ஒன்று சொல். இந்தக் கயிறு நல்லதா, கெட்டதா?”

“இடப்பக்கம் மந்திரியார் போய்க்கொண்டிருக்கும்வரை நல்லது, அரசே.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரி இனி தினமும் இடப்பக்கமே போக வேண்டும் என்று ஆணையிட்டார். சாத்தப்பனுக்குப் பொற்கிழி கொடுத்தார். பிறகு, “மந்திரியின் பல்லக்கையும் எடுத்துக்கொள்,” என்றார்.

“வேண்டாம், அரசே. எனக்கு இன்றே வீடு போய்ச் சேர வேண்டும்,” என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். அவன் மனைவி முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைப் பிரித்தாள்.

சத்தியம் செய்தவன் எதையும் மறைக்கக் கூடாது, இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நாடு காயலுக்கு நடுவே இருந்த ஒரு தீவு. அங்கே சாலை என்று ஒன்று போட்டதே கிடையாது. ராஜா முதல் பால்காரிவரை எல்லாரும் ஓடத்தில்தான் போய்வந்தார்கள்.