மரங்கொத்தியின் நாக்கு மண்டைக்குள் போன கதை

பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நாக்கை மேலே மடித்து அடிக்கிற 'ட' என்ற ஒலி மரங்கொத்தியிடம் மட்டுமே இருந்தது. மற்றவர்களின் நாக்கெல்லாம் வாய்க்குள் சோம்பிக் கிடந்து த, ந, ல என்று குழைந்துகொண்டிருந்தன. அதைக் கொஞ்சம் தூக்கச் சொன்னால் மலையைத் தூக்கச் சொன்னது மாதிரி அலுத்துக்கொள்வார்கள்.

கொண்டையன் என்ற மரங்கொத்திக்கு அந்த ஒலி விளையாட்டுச் சாமான் இல்லை. அவன் மனைவி பட்டு, வேங்கை மரப் பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டை திருடும் உடும்பு ஒன்று அந்தப் பக்கம் திரிந்தது. த, ந எல்லாம் மரப்பட்டையோடு நின்றுவிடும். 'ட' மட்டும்தான் மரத்தைத் துளைத்து உள்ளே போகும். ஆபத்து என்றால் கொண்டையன் வெளியிலிருந்து "பட்டூ!" என்பான். அவள் உடனே அலகை நீட்டிக்கொண்டு தயாராகிவிடுவாள்.

அப்போது மனிதர்கள் இடம் போதாமல் பல திசைகளுக்குப் பிரிந்து போகவிருந்தார்கள். போகிற இடத்துக்கு இந்த ஒலியையும் கொண்டுபோகலாமே என்று மரத்தடிக்கு வந்து கொண்டையனைப் புகழ்ந்தார்கள். அவனும் மயங்கிப்போய்ச் சரி என்றான்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் வாத்தியார் வேலை உங்களுக்கு எதுக்கு? உடும்பைப் பாருங்க!" என்று பட்டு உள்ளேயிருந்து கத்தினாள். கேட்டால்தானே!

நம் பக்கத்து ஆட்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் விலங்குகளின் நாட்டுக்குக் கடல் தாண்டிப் போனவர்களும் கற்றுக்கொண்டார்கள். பனி நாட்டுக்குப் போனவர்களில் சிலர், 'ர'வுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு 'ட' வந்தால் போதும் என்று அரைகுறையாக வாங்கிப் போனார்கள். பலர் பசிக்கிறது என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். நம் பக்கத்து ஆட்களில் ஆதன் என்ற ஒருவன் மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தான்.

"'ட' சொல்லுப்பா."

"த."

"நாக்கை மேல மடி."

"மேலதான் இருக்கு சாமி. த."

"அது பல்லு! பல்லுல போய் ஏன்யா முட்டுற? இன்னும் மேல!"

"த."

கொண்டையனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெயில் சாய்ந்தும் ஆதனின் நாக்கு மட்டும் அசையவில்லை.

"என் வாயைப் பாருடா! இப்படி! இன்னும் மேல! இன்னும் பின்னால!" என்று கத்திக்கொண்டே கொண்டையன் தன் நாக்கைச் சுருட்டினான். கோபத்தில் சுருட்டிய நாக்கு அண்ணத்தைத் தாண்டி, பின்மண்டையைச் சுற்றிக்கொண்டு போய், அங்கேயே சிக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துதானா ஆதனுக்கு வரவேண்டும்? "ட! வந்துருச்சு சாமி, வந்துருச்சு!" என்று குதித்தான். சுற்றி நின்ற எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். மரத்தின் பின்பக்கமாக உடும்பு ஏறுவதைக் கொண்டையன் மட்டும் பார்த்தான்.

பட்டு என்று கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. ஆதனின் புது 'ட'வோ வேரைக்கூடத் தாண்டவில்லை. கொண்டையன் பதறிப் பறந்துபோய், அலகால் மரத்தில் ஓங்கி அடித்தான். டொக், டொக், டொக்.

அந்த 'ட' உள்ளே கேட்டதும் பட்டு அலகை நீட்டினாள். பொந்து வாசலுக்கு வந்துவிட்ட உடும்பின் மூக்கில் ஒரே கொத்து. அது பொத்தென்று விழுந்து புதருக்குள் ஓடியது. முட்டைகள் பிழைத்தன. ஆதன் நன்றிகூடச் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்! கல்லு மாதிரி நின்னா எப்படி? வாயைத் திறந்து என் பேரையாவது சொல்லுங்க!" என்று பட்டு பொரிந்து தள்ளினாள். கொண்டையன் வாயைத் திறந்தான், மூடினான். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவன் மெதுவாக மரத்தைத் தட்டினான். அவள் உள்ளே போய், உள்ளிருந்து திருப்பித் தட்டினாள்.

மரங்கொத்திகள் பேச்சை விட்டு மரத்தைத் தட்டத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அவற்றின் நாக்கு இன்னமும் மண்டையைச் சுற்றித்தான் கிடக்கிறது. அந்த ஒலிக்காகக் கொண்டையனின் உயிரை வாங்கிய நாமோ, வாய் நிறைய 'ட' இருந்தும், உள்ளே இருப்பவரைக் கூப்பிட இன்றுவரை கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம்.